புறா கீறச் சொல்லாதீர்கள்

2012ஆம் ஆண்டு. முல்லைத்தீவு மாவட்டத்தில் எங்கள் ஊருக்கு நாங்கள் திரும்பி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லோரும் தகரக் கொட்டில்களில் இருந்தோம். பொதுநோக்கு மண்டபத்துக்குக் கூரை போட்டிருந்தார்கள், கதவு இன்னும் போடவில்லை. அந்தக் கதவில்லாத மண்டபத்தில் ஒருநாள் செயலமர்வு நடந்தது. வளவாளர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். நல்ல மனிதர், எங்களோடு தரையில் பாயிலேயே இருந்தார். ஆளுக்கொரு வெள்ளைத் தாளும் நிறப் பென்சில்களும் கொடுத்துவிட்டு, "சமாதானம் என்றால் உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கீறுங்கள்" என்றார். அவருக்கு மொழிபெயர்த்தது நான்.

27 பெண்கள் இருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் இருபதுக்கு மேற்பட்ட புறாக்கள் வந்துவிட்டன. சில புறாக்களின் வாயில் இலை இருந்தது. இரண்டொருவர் சூரியன் கீறினார்கள். எங்கள் ஊரில் யாரும் வெள்ளைப் புறா வளர்த்ததில்லை. ஆனால் வந்தவர்கள் எதைக் கேட்கிறார்கள் என்பது எங்கள் சனத்துக்கு நன்றாகத் தெரியும். முகாமில் இருந்த காலத்திலேயே பழகிய பழக்கம் அது.

ஒரு அம்மா மட்டும் தாளைத் தொடவில்லை. நான் அருகே போனேன். "பிள்ளை, நான் இன்னும் என்ர பெடியனைத் தேடித் திரியிறன். சமாதானத்தை எங்கை கண்டனான், கீறுறதுக்கு?" என்று கேட்டார். வளவாளர் என்னைப் பார்த்தார். "அவவுக்குக் கீற வராதாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். பயமும் காரணம். செயலமர்வு குழம்பிவிடக் கூடாது என்ற எண்ணமும் காரணம். எனக்கும் 2009 மே மாதத்துக்குப் பிறகு தம்பியைக் காணவில்லை. அந்தக் கேள்வியை என் வாயால் இன்னொருமுறை சொல்ல முடியாமல் போனதும் காரணமாக இருக்கலாம்.

கலை மூலம் ஆற்றுப்படுத்தல் என்ற சொல் இப்போது எங்கள் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. படம் கீறுதல், நாடகம், களிமண், பாட்டு, தையல் என்று ஏதோ ஒன்று எல்லா மாவட்டத்திலும் நடக்கிறது. அதனால் பயன் உண்டா, உண்டென்றால் எப்படி என்று என்னிடம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018இலிருந்து எங்கள் முன்பள்ளிக் கட்டடத்தில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, புதன்கிழமை தோறும் 11 பெண்கள் கூடித் தைக்கிறோம். நான் அந்த முன்பள்ளியின் ஆசிரியை. அந்த அனுபவத்தையும், அதற்காக வாசித்தும் கேட்டும் அறிந்தவற்றையும் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது என்பது. பயங்கரம் மனதில் ஒரு கதையாகப் பதிவதில்லை. ஒரு சத்தம், ஒரு மணம், பங்கருக்குள் விழுந்த மண் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. அதனால்தான் "என்ன நடந்தது, சொல்லுங்கோ" என்று கேட்டால் பலருக்கு வாய் அடைத்துவிடுகிறது. இல்லையென்றால் ஆணைக்குழுவுக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பாடமாகிப்போன அதே வசனங்கள் வருகின்றன. கைவேலை வேறு வழியால் போகிறது. ஊசி ஒரே தாளத்தில் போய்வரும்போது மூச்சும் மெல்ல ஒரு ஒழுங்குக்கு வருகிறது. மனதுக்குள் கிடந்த துண்டு வெளியே வந்து மடியில் ஒரு துணித்துண்டாக இருக்கிறது. அதைப் பார்க்கலாம், பார்க்க முடியாவிட்டால் மடித்து வைக்கலாம். எப்போது நிறுத்துவது என்பதைத் தைக்கிறவரே தீர்மானிக்கிறார். தன் வாழ்க்கையில் எதையுமே தீர்மானிக்க விடப்படாத ஒருவருக்கு இது சின்ன விடயமில்லை.

அமெரிக்க உளமருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலொன்றில் மீட்சிக்கு மூன்று கட்டங்களைச் சொல்கிறார். முதலில் பாதுகாப்பு. அடுத்து நினைத்தலும் துக்கித்தலும். அதன் பிறகுதான் மற்றவர்களோடும் எதிர்காலத்தோடும் மீண்டும் இணைதல். கட்டங்கள் முன்பின்னாக வரலாம் என்றும் சொல்கிறார். ஆனாலும் முதலிரண்டையும் தாண்டிக் குதித்து யாரும் மூன்றாவதில் இறங்க முடியாது. 2012இல் எங்கள் கதவில்லாத மண்டபத்தில் கேட்கப்பட்டது மூன்றாவது கட்டத்துக்குரிய கேள்வி. நாங்கள் முதலாவதிலேயே நிற்கவில்லை.

துக்கிப்பதற்கு எங்களிடம் வழி இல்லாமல் இல்லை. செத்த வீட்டில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ஒப்பாரி சொல்வதும், எட்டுச் செலவும், அந்தியேட்டியும், ஆண்டுத் திவசமும் துக்கத்தை ஊரோடு பங்கிட்டுக்கொள்ளத்தான் இருக்கின்றன. போர்க்காலத்தில் நாடகமும் அந்த வேலையைச் செய்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்குப் போனது. அவரே 1991இல் 'அன்னை இட்ட தீ'யில் போர் மனதில் விட்ட காயங்களை மேடைக்குக் கொண்டுவந்தார். மருத்துவர் தயா சோமசுந்தரம், தனி ஆளின் காயத்தோடு சமூகமே காயப்பட்டிருப்பதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தவர். கூத்தும் சடங்கும் ஊர்கூடிச் செய்யும் காரியங்களும் மருந்தைப் போலவே தேவை என்பது அவரது எழுத்தில் திரும்பத் திரும்ப வரும்.

ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. உடல் இல்லாமல் ஒப்பாரி சொல்ல முடியாது. அந்தியேட்டி செய்தால் செத்துவிட்டான் என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் பிதிர்க்கடன் கிடக்கிறது. பொட்டு வைப்பதா, விடுவதா என்பதில்கூட ஊர் வாய் இருக்கிறது. 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் 'காணவில்லை' என்று உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெறலாம் என்றாகியது. அது வங்கிக்கும் காணிக் கந்தோருக்கும் உதவும். வீட்டுக்குள் இருக்கும் கேள்விக்கு உதவாது. போலின் பொஸ் என்ற ஆய்வாளர் இந்த நிலைக்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். இருக்கிறாரா இல்லையா என்று தெரியாததால் துக்கம் முடிவதுமில்லை, முறையாகத் தொடங்குவதுமில்லை.

இறந்தார் என்று சொல்லாமலும் இருக்கிறார் என்று சாதிக்காமலும் ஒருவரைப் பலர் கூடி நினைக்க ஒரு இடம் வேண்டும். துணி அப்படியொரு இடமாகலாம் என்பதை நான் சிலி நாட்டுப் பெண்களிடமிருந்து அறிந்தேன். நேரில் அல்ல, படங்களில்தான்.

சிலியில் 1973 செப்டெம்பர் 11ஆம் திகதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜெனரல் பினோசேயின் ஆட்சி 1990 வரை நீடித்தது. அக்காலத்தில் பிடித்துச் செல்லப்பட்டு இன்றுவரை காணாமல் இருப்பவர்கள் 1,000க்கும் அதிகம். தாய்மாரும் மனைவிமாரும் பொலிஸ் நிலையம், சிறைச்சாலை, பிணவறை என்று அலைந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் அதே முகங்களைக் கண்டு ஒருவரையொருவர் அறிந்துகொண்டார்கள். இந்தப் பகுதியை எங்கள் பெண்களுக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை.

1974அளவில் சந்தியாகோவில் திருச்சபையின் பாதுகாப்பில் இந்தப் பெண்களுக்கான தையற் பட்டறைகள் தொடங்கின. 1976இல் கர்தினால் ராவுல் சில்வா என்ரிக்கேஸ் மனித உரிமைகளுக்காக அமைத்த பணியகம் அவற்றைத் தொடர்ந்து நடத்தியது. அடியில் சாக்குத் துணி. அதன் மேல் கிடைத்த துணித்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைப்பார்கள். சில வேளைகளில் அவை காணாமற்போனவரின் சட்டையிலிருந்தே வெட்டியவை. அந்தச் சாக்குத் துணிக்கு ஸ்பானிய மொழியில் உள்ள பெயர் அர்பியேரா. படத்துக்கும் அதுவே பெயராகிவிட்டது. மேலே அந்தீஸ் மலைத்தொடர், ஒரு மூலையில் சூரியன், கீழே வீதி. தூரத்திலிருந்து பார்த்தால் சின்னப் பிள்ளையின் படம் போல நிறமாக இருக்கும். கிட்டப் போனால் வீட்டு வாசலில் வாகனம் நிற்கும், ஒருவரை இழுத்துப் போவார்கள், பெண்கள் 'எங்கே அவர்கள்?' என்ற பதாகையோடு நிற்பார்கள். பலவற்றில் பின்பக்கம் சிறிய பை தைத்து, உள்ளே ஒரு கடுதாசித் துண்டில் என்ன நடந்தது என்று எழுதி வைத்தார்கள். அவை இரகசியமாக நாட்டுக்கு வெளியே போய் விற்கப்பட்டன. அந்தப் பணத்தில் அடுப்பு எரிந்தது. செய்தித்தாள்கள் எழுத முடியாதவற்றை உலகம் அந்தத் துணிகளில் வாசித்தது.

அதே பெண்கள் சோடியாக ஆட வேண்டிய தங்கள் தேசிய நடனமான குவேக்காவைத் தனியாக ஆடினார்கள். பக்கத்தில் ஆள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். இதை நான் எங்கள் குழுவில் சொன்னபோது யாரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு அக்கா எழுந்து போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தார்.

அந்தத் துணிகள் யாரையும் திருப்பித் தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் பொறுப்பை ஏற்று, அதற்கான தேசியத் திட்டத்தைச் சிலி அரசு அறிவித்தது 2023 ஓகஸ்ட் 30ஆம் திகதிதான். 50 வருடங்கள். அதற்குள் பல தாய்மார் போய்விட்டார்கள். எங்கள் கிளிநொச்சித் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் இருக்கத் தொடங்கினார்கள். அங்கேயும் பதாகைக்குப் பின்னால் நின்றவர்களின் எண்ணிக்கை வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

இனி எங்கள் குழு. தையல் என்றதும் சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். முதல்நாள் ஊசியைக் கையில் எடுத்த ஒரு அக்கா கீழே வைத்துவிட்டார். "கடைசியாத் தைச்சது மண்மூட்டை" என்றார். அதன்பிறகு எல்லோரும் அதைத்தான் கதைத்தோம். வலைஞர்மடத்திலும் முள்ளிவாய்க்காலிலும் பங்கருக்கு மண்மூட்டை தைக்கப் பெட்டியிலிருந்த சீலை எல்லாம் போனது. கூறைச் சீலையும் போனது. பட்டுச் சீலையில் மண் நிறைந்தால் எப்படிப் பாரமாக இருக்கும், எந்தச் சீலை செல் துண்டுக்கு நின்றது, எது கிழிந்தது என்று பெண்கள் சொல்லச் சொல்ல, அந்த நாள் ஒரு தையலும் போடாமலே முடிந்தது. நான் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. துணி கேட்டது.

அடுத்த சில மாதங்கள் பெரும்பாலும் வீடுகள்தான் தைக்கப்பட்டன. இருந்த வீடு, இப்போது இல்லாத வீடு. கிணறு எந்தப் பக்கம், வேம்பு எந்தப் பக்கம், சாமியறைக்கு யன்னல் இருந்ததா இல்லையா என்று சண்டை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவியர் தா. சனாதனன் இதையொத்த ஒன்றைச் செய்திருக்கிறார் என்று பிறகுதான் அறிந்தேன். 2011இல் வந்த அவரது 'முற்றுப்பெறாத தோம்பு' என்ற நூலில், இடம்பெயர்ந்த 80 பேர் தங்கள் வீட்டின் தளவரைபடத்தை நினைவிலிருந்து கீறியிருக்கிறார்கள். தமிழரும் முஸ்லிம்களும் அதில் இருக்கிறார்கள். தோம்பு என்பது போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. உறுதியும் வீடும் போன பிறகு ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் காணிப்பதிவு அவரது நினைவுதான் என்று அதைப் புரிந்துகொள்கிறேன். எங்கள் குழுவில் ஒருவருக்குத் தன் வீட்டைத் தைத்து முடித்த பிறகுதான் இரவில் அந்த வீடு எரியும் கனவு குறைந்தது. எல்லோருக்கும் அப்படி நடந்தது என்று சொல்லமாட்டேன். இன்னொருவருக்குக் கனவு கூடியது. அவர் இரண்டு மாதம் வராமல் இருந்து, பிறகு வந்து சும்மா பூத் தைத்தார். பூவும் நல்லதுதான்.

2012இல் தாளைத் தொடாத அந்த அம்மாவும் எங்கள் குழுவில் இருக்கிறார். அன்று நான் மாற்றிச் சொன்னதை ஒருநாள் அவரிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் பிள்ளை. நான் சொன்னது நீளம், நீ சொன்னது கட்டையா இருந்தது" என்றார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் தைத்தது ஒரு லுமாலா சைக்கிள். வேறு ஒன்றும் இல்லை, வெறும் துணியின் நடுவில் சைக்கிள். ஸ்டாண்ட் போட்டு நிற்கிறது. ஓட்டி வந்தவர் இறங்கி எங்கேயோ போயிருக்கிறார். அந்த ஸ்டாண்டைத் தைக்க அவருக்கு மூன்று புதன்கிழமை எடுத்தது. இரண்டு தடவை பிரித்துத் தைத்தார்.

வடக்கில் எங்கள் துக்கத்தை நாங்கள் பேசுவது ஒரு பாதி. மற்றப் பாதி எங்களுக்குக் கடினமானது. அதற்கு முன்மாதிரி கிழக்கில் இருந்தது. மட்டக்களப்பில் 1996இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. இயேசு சபையைச் சேர்ந்த அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடிய ஓவியர் போல் ஹோகனும் அதன் தொடக்கத்தில் இருந்தார்கள். தமிழ் ஊர்களிலிருந்தும் முஸ்லிம் ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் அந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள். அதற்கு ஆறு வருடங்களுக்கு முன்னர், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. ஒரு ஊர்ப் பிள்ளைக்கு மற்ற ஊர்ப் பெயரே பயம். அந்தப் பிள்ளைகளிடம் யாரும் ஒற்றுமையைக் கீறச் சொல்லவில்லை. களிமண் கொடுத்தார்கள், நிறம் கொடுத்தார்கள், கதை கட்டவும் மரத்தடியில் விளையாடவும் விட்டார்கள். மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப ஒரே பிள்ளைகள் வந்தார்கள். களிமண் குழைக்கும்போது தண்ணீர் வாளி ஒன்றுதான் இருந்தால் பக்கத்திலிருக்கும் பிள்ளையிடம் கேட்கத்தானே வேண்டும்.

எங்கள் குழுவில் அப்படியொரு நாள் ஒன்றே ஒன்றுதான் வந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, பிறகு திரும்பிவந்த ஒரு முஸ்லிம் சகோதரி எங்களோடு வந்திருந்து தைத்தார். அவரும் வீடுதான் தைத்தார். வாசலில் பூட்டு. சாவியைத் தன் உம்மா புத்தளம் வரை கொண்டுபோனதாகச் சொன்னார். எங்கள் பெண்களில் சிலர் 1995 இடப்பெயர்வில் தாங்களும் சாவி கொண்டுபோனதைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும், "நாங்கள் அண்டைக்குப் பார்த்துக்கொண்டு நிண்டனாங்கள்" என்றார். அதற்கு அந்தச் சகோதரி பதில் சொல்லவில்லை. தைத்து முடித்துவிட்டுப் போனார். இதை நல்லிணக்கம் என்று நான் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை. ஆனால் அந்த வசனம் எங்கள் ஊரில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதை அதற்கு முன்னர் நான் கேட்டதில்லை.

இப்படிக் குழு தொடங்க நினைப்பவர்களுக்குச் சில விடயங்களைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவை நாங்கள் பிழை விட்டுப் பழகியவை.

மூன்று மாதத் திட்டத்துக்கு இது சரிவராது. புண்ணைத் திறந்துவிட்டு, காசு முடிந்தது என்று போகிறவர்கள் தொடங்காமலே இருப்பது நல்லது. எங்கள் செலவு நூலும் தேயிலையும் சீனியும்தான். அதனால்தான் இத்தனை வருடம் நிற்கிறது. புதிய ஆட்களை அடிக்கடி சேர்ப்பதில்லை. "உங்கட கதையைச் சொல்லுங்கோ" என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அழுதால் அழவிடுவோம், தோளில் கைவைப்பதற்கும் கேட்டுத்தான் வைப்போம். முடிக்கும்போது எல்லோரும் கை கழுவி, பிளேன்ரீ குடித்து, ஊர்ப்புதினம் கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் எழும்புவோம். முன்பு நேரே வீட்டுக்கு அனுப்பினோம். சிலர் அந்தப் பாரத்தோடு போய் அடுப்படியில் தனியே இருந்து அழுதிருக்கிறார்கள்.

பாதுகாப்பு என்பது எங்கள் நாட்டில் மனதைப் பற்றிய சொல் மட்டுமல்ல. 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. பிறகுதான் மீண்டும் கட்டப்பட்டது. 2024 மே மாதம் சம்பூரில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் கைதுசெய்யப்பட்டார்கள். அரிசியும் உப்பும் தண்ணீரும்கூடக் குற்றமாகும் இடத்தில் துணி என்ன கணக்கு? ஒருநாள் சாதாரண உடையில் இருவர் முன்பள்ளிக்கு வந்து என்ன தைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்களில் மூத்தவர் சிரிக்காமல் "தலகாணி உறை" என்றார். அதன்பிறகு சில ஒழுங்குகள் வைத்தோம். முகங்களில் கண், மூக்கு தைப்பதில்லை. ஊர்ப்பெயரும் திகதியும் தைப்பதா என்பது அவரவர் முடிவு. யாரும் படம் எடுப்பதில்லை, முகநூலில் போடுவதில்லை. துணிகள் ஒரே வீட்டில் இருப்பதில்லை.

எங்களுக்குள் வந்த பெரிய சண்டை இதையெல்லாம் பற்றியதல்ல. கொழும்பில் கண்காட்சி ஒன்றுக்குத் துணிகளைக் கேட்டு வந்தார்கள். சிலர் கொடுக்க வேண்டும் என்றார்கள். சிலிப் பெண்கள் வெளியே அனுப்பாமல் இருந்திருந்தால் உலகத்துக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மற்றவர்கள், எங்கள் பெயர் இல்லாமல், நாங்கள் இல்லாமல், குளிரூட்டிய மண்டபத்தில் ஒரு சுவரில் அவை தொங்க வேண்டுமா என்று கேட்டார்கள். அதுவும் நியாயம். சர்வாதிகாரம் போன பிறகு சிலியின் துணிகளிலும் கூர்மை குறைந்து, சுற்றுலாப் பயணிகள் வாங்கும் கைவினைப் பொருளாகவும் அவை மாறின. வாங்குகிறவரின் விருப்பம் மெல்ல மெல்ல ஊசிக்குள் வந்துவிடும். கடைசியில், துணியோடு தைத்தவரும் போகலாம், போய்ப் பக்கத்தில் நின்று தன் வாயால் சொல்லலாம் என்றால் கொடுப்போம், இல்லையென்றால் இல்லை என்று முடிவெடுத்தோம். நான்கு பேர் போனார்கள். சைக்கிள் போகவில்லை. "அவன் வந்து கேட்டால் நான் கொழும்பில எண்டு சொல்லுறதே?" என்றார் அம்மா.

இன்னொன்று. இது வைத்தியத்துக்குப் பதிலாகாது. நித்திரை கிழமைக்கணக்கில் இல்லாதவர், சாப்பாட்டை விட்டவர், சாவைப் பற்றிக் கதைக்கிறவர் இருந்தால் ஊசியைக் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். நீதிக்கும் இது பதிலாகாது. துணி தைக்கிறார்கள், இனி வீதிக்கு வரமாட்டார்கள் என்று யாராவது கணக்குப் போட்டால் அது பிழைக் கணக்கு. எங்கள் 11 பேரில் ஏழு பேர் மாதம் தவறாமல் போராட்டத்துக்குப் போகிறவர்கள்.

அப்படியென்றால் சமாதானம் எப்போது வந்தது? நாங்கள் அந்தச் சொல்லை இன்றுவரை குழுவில் பாவிக்கவில்லை. மூன்றாவது வருடத்தில், கொரோனா முடக்கத்துக்குப் பிறகு திரும்பக் கூடியபோது, "பின்னேரம் ஆறு மணிக்கு உங்கட ஒழுங்கை எப்படி இருந்தால் உங்களுக்கு நிம்மதி?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் ரியூசன் முடிந்து இருட்டில் தனியே சைக்கிளில் வரும் பெண்பிள்ளையைத் தைத்தார். ஒருவர் முள்வேலி இல்லாத தன் வயலைத் தைத்தார். முன்பு வேலி இருந்த இடத்தில் நூல் பிரித்த ஓட்டைகள் தெரிகின்றன, அதை மறைக்க வேண்டாம் என்றார். இன்னொருவர் நுண்கடன் தவணை சேர்க்க வருகிறவரின் மோட்டார் சைக்கிளைத் தைத்தார். அது படலையிலிருந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது. ஒரு புறாகூட இல்லை. ஒரு கோழி இருந்தது, அடைகாத்தபடி.

அம்மா அன்று புதிய துணி எடுக்கவில்லை. பழைய துணியைப் பையிலிருந்து எடுத்து விரித்து, மஞ்சள் நூல் இருக்கிறதா என்று கேட்டார். சைக்கிளுக்கு டைனமோ லைற் ஒன்று தைத்தார். அதிலிருந்து துணியின் ஓரம் வரை வெளிச்சம் போனது. "இருட்டில வந்தாலும் பாதை தெரியவேணும்" என்றார். பிறகு என் மடியைப் பார்த்து, "உன்ர துணி எங்கை பிள்ளை?" என்று கேட்டார்.

காட்டினேன். இத்தனை வருடத்தில் நான்கு ஓரமும் மடித்துத் தைத்திருக்கிறேன். நடுவில் இன்னும் ஒன்றும் இல்லை. அவர் அதை வாங்கிப் பார்த்து, ஓரத் தையல் நேராக இருக்கிறது என்றார். மிச்சமிருந்த மஞ்சள் நூலை ஊசியோடு அதில் குத்தி என்னிடம் திருப்பித் தந்தார். அந்த ஊசி இப்போதும் அப்படியே இருக்கிறது.